ஒத்தையாய் நிறுத்திப் பார்க்கும் அக்கா

எங்கள் ஆஸ்பத்திரியில் எது கெட்டுப்போனாலும் முதலில் ஒரு ஆளைப் பிடித்துத் திட்டுவோம். பழுது பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். லிஃப்ட் நின்றால் வாட்ச்மேன் அண்ணாச்சி, சாம்பார் புளித்தால் கேன்டீன்காரர், ரிப்போர்ட் தாமதமானால் லேப். கம்ப்யூட்டர் நின்றால் எல்லோரும் ஒரே குரலில் அக்காவைத் திட்டுவோம். அக்கா மட்டும் யாரையும் திட்டமாட்டார். திட்டுவதற்கு முன்னால் கோளாறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு அவரிடம் ஒரே ஒரு வழிதான் உண்டு. சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொன்றையும் கழற்றி, மற்றதிலிருந்து பிரித்து, ஒத்தையாய் நிறுத்திப் பார்ப்பார்.

“கூட்டத்துல நிக்கும்போது எதையும் நம்ப முடியாதுட்டி. ஒத்தையா நிறுத்திப் பாத்தாத்தான் அது எப்படின்னு தெரியும்” என்பார்.

பாளையங்கோட்டையில் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் கீழே ஓ.பி. சீட்டு போடுகிற கவுண்டரில் அப்போதும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அக்கா மாடியில் சர்வர் அறையில் இருந்தார். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். ஐம்பதை ஒட்டிய வயது. குட்டையான உருவம், இறுக்கிப் போட்ட கொண்டை, எப்போதும் ஓட்டமும் நடையும்தான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டால் தலையைத் தூக்காமலே அக்கா வருகிறார் என்று சொல்லிவிடலாம். மதியம் அந்த அறையின் குளிருக்காகவே நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவேன். நான் சாதத்தைப் பிசைந்து முடிப்பதற்குள் அக்கா சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்திருப்பார். பிறகு நான் பேசுவேன், அவர் கேட்பார். எங்கள் சிநேகம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது.

ஒருமுறை என் கவுண்டர் பிரின்டர் காகிதத்தை மென்று மென்று துப்பியது. நான் அதன் தலையில் இரண்டு போட்டேன். அக்கா வந்து பிரின்டரை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒழுங்காக ஓடியது. வயரைக் கழற்றிக் கொண்டுபோனார், அதுவும் நன்றாக இருந்தது. கடைசியில் என் அலமாரியிலிருந்த காகிதக் கட்டை மட்டும் எடுத்துப் போனார். அங்கேயும் மென்று துப்பியது. என் அலமாரிக்குப் பின்சுவரில்தான் குடிதண்ணீர் மெஷின் இருக்கிறது. ஈரம் ஏறிக் காகிதம் நமத்துப்போயிருந்தது. தலையில் அடித்ததற்குப் பிரின்டரிடம் மன்னிப்புக் கேள் என்றார் அக்கா. வரிசையில் நின்ற ஜனங்கள் பார்க்க நான் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மனுஷர்களிடமும் அவருக்கு இதே வைத்தியம்தான். ஒரே வார்டில் இரண்டு நர்ஸுகள் நாள் தவறாமல் முட்டிக்கொண்டார்கள். நாங்கள் கட்சி பிரிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். ஆனாலும் ஒருத்தியை ஒருநாளும் இன்னொருத்தியை மறுநாளுமாகக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டு வந்தார். யார்மேல் தப்பு என்று ஆவலாகக் கேட்டேன். ரெண்டும் தங்கமான பிள்ளைகள், ஒரு கோளாறும் இல்லை என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை விசாரித்துவிட்டு ஒரு ஆளையும் கைகாட்டாவிட்டால் அது என்ன தீர்ப்பு? அதில் ஒருத்தியை வேறு மாடிக்கு மாற்றினார்கள். அப்புறம் இருவரும் படிக்கட்டில் நின்று சிரித்துப் பேசுவதைப் பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான், ஆனால் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

அந்த எரிச்சலுக்குள் இன்னொரு எரிச்சலும் இருந்தது. அக்காவுக்கு ஒரு புருஷன் இருந்தார். நாங்குநேரியில் இருந்தார். அக்கா பாளையங்கோட்டையில் தனியாக இருந்தார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார். நெட்டையான ஆள், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. ஒரு பெரிய பை நிறைய பனங்கிழங்கு, மஞ்சள்குலை, சிறுகிழங்கு, வெல்லம், பச்சரிசி. எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வரவேண்டும். அக்காவுக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப்பிறந்தவர்களும் கிடையாது. அந்த முறை விட்டுப்போகக் கூடாது என்று பொங்கல்படியைப் புருஷனே கொண்டுவந்து கொடுத்தார். இப்படி ஒரு கூத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. அதையும் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டார். வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கொடுத்து, மேலே சேர்த்துவிடச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடப்பார். அந்த நடை இருக்கிறதே, ஊர்ந்து போகிற மாதிரி இருக்கும். அக்கா அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோவார். பனங்கிழங்கை அவித்து மறுநாள் எங்கள் எல்லோருக்கும் கொடுப்பார்.

அந்தப் புருஷன் குடிப்பார் என்று சிலர் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், திருநீறு வாசம்தான் அடித்தது. அக்காவுக்குத்தான் வாய் நீளம் என்று சிலர் சொன்னார்கள். அந்த வாய் நான் பேசுவதைக் கேட்டுக்கேட்டு அடங்கிப்போன வாய். ஆக எதுவும் ஒட்டவில்லை. எனக்கு ராத்தூக்கம் போகாத குறைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். என் வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம், பிள்ளைகள் என்று குளியலறைக்கே வரிசையில் நிற்க வேண்டும். அக்காவின் மாடி வீட்டில் நுழைந்ததும் காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. கொடுத்து வைத்த மகராசி என்று நினைத்தேன். அப்போது போன் வந்தது. கேஸ் ஏஜென்சியிலிருந்து பேசினார்கள். ரொம்ப நாளாகச் சிலிண்டர் கேட்டு எழுதவே இல்லையே, அந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். அக்கா சிரித்தார். “இருக்கேன்ப்பா. ஒத்த ஆளு, அது தீரமாட்டேங்குது” என்றார். போனை வைத்தபிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாதவர்போல நின்றார். பிறகு படபடவென்று காப்பி போடப் போய்விட்டார்.

காப்பி குடிக்கும்போது கேட்டேவிட்டேன். அக்கா மறைக்கவில்லை. குடி இல்லை, அடி இல்லை, வேறு பொம்பளை இல்லை. புருஷன் நாங்குநேரிப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணமான புதிதில் அக்கா நாங்குநேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்திருக்கிறார். பிள்ளைகள் பிறக்கவில்லை, அதுவும் ஒரு சண்டையாக ஆகவில்லை. காலைச் சாப்பாட்டைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை.

“அவுக பல்லு வெளக்கி வரதுக்குள்ள நான் சமையல முடிச்சிருவேன். அவுக ஒவ்வொரு பருக்கையா சாப்பிடுவாக. நான் கைக்கடியாரத்தப் பாப்பேன். நான் கடியாரத்தப் பாக்கத அவுக பாப்பாக. பாதி சோத்த வச்சுட்டு எந்திரிச்சிருவாக. ஒரு வார்த்த கோவமா சொன்னது கெடையாதுட்டி.”

ஒரு மழைக்காலத்தில் பஸ் சிரமத்துக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு அறை எடுத்திருக்கிறார். வாரக்கடைசியில் போனது, பிறகு நல்ல நாளுக்குப் போனது, பிறகு அதுவும் நின்றது.

“சண்ட போட்டிருந்தாலாவது சமாதானம் ஆயிருக்கலாம்” என்றார் அக்கா. “தனியா இருக்கும்போது அவுக நல்லா இருக்காக. நானும் நல்லாத்தான் இருக்கேன். பாத்தாச்சுல்லா.”

டெஸ்ட் ரிசல்ட்டை வாசிக்கிற மாதிரிச் சொன்னார். கேஸ் ஏஜென்சிக்காரர் கேட்ட கேள்வி இன்னும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தது. நல்லாத்தான் இருக்கேன் என்றதை நான் நம்பவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து குளியலறை வரிசையில் நின்றபோது ஏனோ நிம்மதியாக இருந்தது.

சர்வர் விவகாரம் நடந்தது ஆனி மாதத்தில். நோயாளிகளின் பெயர், பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் வைத்திருக்கிற பெரிய பெட்டிதான் சர்வர். அதிலிருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டது, இனி பாதுகாப்பு இல்லை, புதுசு போட்டே தீரவேண்டும் என்று சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். புதுசுக்கு மெமரி அதிகம் வேண்டும். அக்கா வேறு பெட்டி கேட்டார். நிர்வாகமோ இருக்கிற பெட்டியிலேயே மெமரியைக் கூட்டிக்கொள்ளச் சொன்னது. உள்ளே ஏற்கெனவே இரண்டு மெமரிப் பட்டைகள் இருந்தன. கடையிலிருந்து புதிதாக இரண்டு வந்தன. சாண் நீளத்துக்குப் பச்சைப் பட்டைகள், பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துவிட்டு, பழசை அழித்துப் புதுசை ஏற்ற ஆரம்பித்தார். பாதியில் மெமரி பிழை என்று காட்டி நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், முக்கால்வாசியில் நின்றது. அடுத்த தடவை தொடங்கியதுமே நின்றது. ஒரே இடத்தில் நின்றால் ஏற்றுகிற பென்டிரைவைச் சந்தேகப்படலாம், இது இடம் மாறி மாறி நிற்கிறது, அதனால் மெமரியில்தான் கோளாறு என்று அக்கா எனக்கு விளக்கினார். எனக்கு அதெல்லாம் வேண்டாத விஷயம். திங்கட்கிழமை காலையிலிருந்து ஓ.பி. சீட்டைக் கையால் எழுத வேண்டும் என்பதுதான் என் கவலை. என் கையெழுத்தை டாக்டர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் கேலி செய்கிற அளவுக்கு இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி மறுபடி கட்சி பிரிந்தது. பழசுக்கு வயதாகிவிட்டது, அதைத் தூக்கிப்போடு என்றது ஒரு கட்சி. புதிதாக வந்ததுதான் குடியைக் கெடுத்தது என்றது இன்னொரு கட்சி. மாமியார் மருமகள் வழக்கு மாதிரி ஆகிவிட்டது. நான் புதுசுக்கு எதிர்க்கட்சி. அக்கா யார் பேச்சையும் கேட்காமல் நாலு பட்டைகளையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஒன்றை மட்டும் சொருகிச் சோதனை ஓட்டினார். ஒன்று முடியவே நெடுநேரம் ஆகும். மேனேஜர் வந்து வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கீழே வரிசையில் நின்றவர்கள் என்னை ஏசினார்கள். அக்கா அசையவில்லை.

நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேறிவிட்டன. பழசும் தேறியது, புதுசும் தேறியது. பட்டை சொருகுகிற பள்ளங்களும் ஒவ்வொன்றாகத் தேறின. நாலையும் சேர்த்துப் போட்டார். பிழை.

அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் வழி அன்றுதான் முதல்முறையாக அவரைக் கைவிட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. இந்தச் சவத்தில் இரண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு மிச்சத்தை வைத்து ஓட்டுங்கள் என்றேன்.

“ரெண்டு காணாதுட்டி, புதுசுக்கு மெமரி நெறைய வேணும். அதுவுமில்லாம எதத் தூக்கிப்போட? ஒண்ணு மேலயும் தப்பில்லையே.”

சொல்லிவிட்டு நாலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த பொடி எழுத்துகளை வாசித்தார். பழசுக்கு ஒரு வேகம், புதுசுக்கு ஒரு வேகம். ஒத்தையாய் நிற்கும்போது ஒவ்வொன்றும் தன்போக்கில் நன்றாகவே ஓடியது. நாலும் சேர்ந்தால் பெட்டி எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டும். அந்த வேகம் நாலுக்கும் சேர்ந்து தாங்கவில்லை. அக்கா செட்டிங்கில் போய் வேகத்தை ஒரு படி குறைத்தார். சோதனை தேறியது. புது சிஸ்டம் ஏற ஆரம்பித்தது. பாதியைத் தாண்டியது, முக்கால்வாசியைத் தாண்டியது, கடைசிவரைக்கும் போய்விட்டது.

நான் கைதட்டினேன். அக்கா தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தன வருசமா தனித்தனியா நல்லா இருக்கான்னு மட்டுந்தான் பாத்திருக்கேன். சேந்து இருக்கணும்னா ஓட்டத்தக் கொறைக்கணும்னு தோணவே இல்ல பாரு.”

இப்போதுதான் தோன்றிவிட்டதே, சர்வர் ஓடுகிறதே என்றேன்.

“நான் சர்வரச் சொல்லல” என்றார் அக்கா. “நாங்குநேரிக்கு ஒருநா போய்ட்டு வாரேன்ட்டி.”

உடனே கிளம்பவில்லை. முதலில் பழகினார். மதியம் என்னோடு உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடப் பழகினார். ஒரு வாயை மென்று விழுங்கிவிட்டு, கையைத் தட்டில் வைத்து, அடுத்த வாய்க்குக் காத்திருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகம். நான் டப்பாவைக் கழுவி மூடிவைத்த பிறகும் அவர் தயிர்சாதத்துக்கு வந்திருக்கமாட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். ஒருநாள் லீவு போட்டார். போவதற்கு முதல்நாள் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சர்வர் அறை டிராயரில் வைத்தார். அது இருந்தால் கண் அதன்மேல்தான் போகும் என்றார்.

அவர் திரும்பி வந்ததும் நான் கீழே ஆளை உட்காரவைத்துவிட்டு மேலே ஓடினேன். கடிகாரம் கையில் கட்டியிருந்தது. எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

வீட்டுக்காரர் சமைத்து வைத்திருந்தாராம். இருவரும் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா மெதுவாகச் சாப்பிட்டிருக்கிறார்.

“நான் ரசத்துக்கே வரல. அவுக மளமளன்னு முடிச்சுட்டுக் கைகழுவப் போய்ட்டாக. அவுகளா இதுன்னு ஆயிருச்சு. ஒத்தையா இருந்து இருந்து அவுகளுக்கும் ஓட்டம் வந்துருச்சு போல. பாதி எலைல நான் மட்டும் உக்காந்திருந்தேன். பஸ் வந்துரும்னு சொன்னாக. அவுகளே கூட வந்து ஏத்தியும் விட்டாக.”

சொல்லிவிட்டு அக்கா சர்வர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கீழே இறங்கி வந்து சீட்டுப் போட உட்கார்ந்தேன். 

அப்புறம் கொஞ்ச நாளில் நிர்வாகம் கம்ப்யூட்டர் வேலை எல்லாவற்றையும் ஒரு வெளிக்கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. நோயாளிகள் விவரமெல்லாம் எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அக்கா அவ்வளவு பாடுபட்டு ஓடவிட்ட பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்வர் அறையில் ஏசியை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கும் அங்கே வேலை இல்லை. திருச்செந்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அங்கே ஒரு வீடு பார்த்துப் போனார். நாங்குநேரிக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். கேட்டால் சொல்லுவேன் என்றார்.

ஆனால் மதியம் தவறாமல் எனக்குப் போன் வரும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ பாட்டுக்குப் பேசு, நான் சாப்பிடுகிறேன் என்பார். நான் அந்த ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரி வம்பு முழுவதையும் ஒப்பிப்பேன். என் டப்பா காலியான பிறகும் அந்தப் பக்கம் சாப்பாடு முடிந்திருக்காது. பழகிய மெதுவை அக்கா விடவில்லை. யாருக்காகப் பழகினாரோ அவர் எதிரில் இல்லை. தட்டுக்கு எதிரே நான்தான் போனில் இருந்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன்.

தை பிறக்கப்போகிற நேரம். காலையில் கவுண்டரில் கூட்டம். வாட்ச்மேன் அண்ணாச்சி வந்து என்னைக் கூப்பிட்டார். வாசல் பெஞ்சில் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பை. பனங்கிழங்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா இங்கே இல்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம், ஆனால் அவர் எழுந்திருக்கவில்லையாம்.

நான் விவரம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். முகம் மாறவில்லை, வெளியே நீட்டியிருந்த பனங்கிழங்கைப் பைக்குள் தள்ளிக்கொண்டார். சீட்டு வேலையை இன்னொரு பெண்ணிடம் விட்டுவிட்டு, கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் டீயைக் குடித்தார். ஒரு மிடறு குடிப்பார், டம்ளரை வைப்பார், ஆவியைப் பார்ப்பார், பிறகு எடுப்பார். ஆவி நின்று, டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது. அப்போதும் பாதி மிச்சமிருந்தது.  இவரா மளமளவென்று சாப்பிட்டு எழுந்தவர்?

என் வயிற்றில் எதுவும் தங்காது. அவரிடமே கேட்டுவிட்டேன். அன்றைக்கு அக்கா வந்தபோது ஏன் அவ்வளவு அவசரமாகச் சாப்பிட்டீர்கள் என்று.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“வாட்ச் கட்டாம வந்திருந்தாம்மா. பஸ்ஸுக்கு நேரம் தெரியாமத் தவிப்பாளேன்னு இருந்துச்சு. நான் ஆடி அசைஞ்சு சாப்பிட்டுத்தானே அவள வெரட்டுனேன். இந்தத் தடவையாவது அவளக் காக்கவைக்கக் கூடாதுன்னு சட்டுன்னு எந்திரிச்சேன்.”

அக்கா எத்தனை நாள் மெதுவாகச் சாப்பிடப் பழகினார், கடிகாரத்தை எதற்காகக் கழற்றி வைத்தார் என்றெல்லாம் நான் சொன்னேன். எப்போதும்போல் கொட்டவில்லை, ஒவ்வொன்றாகத்தான் சொன்னேன்.

“அவளா?” என்றார். “பையவா சாப்பிட்டா?” பிறகு, “நான் பாக்கலியே. கைகழுவப் போய்ட்டேனே” என்றார்.

பையை மேஜைமேல் என் பக்கமாகத்தான் வைத்திருந்தார், யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி. அதை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்காவின் திருச்செந்தூர் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். எதிரிலேயே நிற்கும் என்றேன். மிச்ச டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வாசலில் நின்று பார்த்தேன். திருச்செந்தூர் பஸ் வந்து நின்றது. அவர் அப்போதுதான் ரோட்டின் பாதிக்குப் போயிருந்தார். ஓடினால் பிடித்திருக்கலாம். அவர் ஓடவில்லை, கையும் காட்டவில்லை. பஸ் போய்விட்டது. அவர் போய்ச் சேர்ந்து, பையைக் காலடியில் வைத்து, அடுத்ததற்கு நின்றார்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். வேலையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தைச் சொன்னபோது அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. 

“எந்த பஸ்ல ஏறுனாக?” என்றார்.

இன்னும் ஏறவில்லை, ஒன்றைத் தவறவிட்டுவிட்டார் என்றேன்.

“விட்டுருவாக” என்றார் அக்கா.  “அப்ப அரிசி களைய நேரம் இருக்குட்டி. பெர்மிஷன் கேட்டுட்டு வீட்டுக்குப் போறேன்.”

அன்று மதியம் எனக்குப் போன் வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். மறுநாளும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பொங்கல் கழிந்து நானே போட்டபோது, சாப்பாட்டு நேரம், பிறகு பேசுகிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார். பின்னால் இன்னொரு தட்டுச் சத்தம் கேட்டது.

அதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் எப்போதாவது பேசுவார், நல்ல நாளுக்கு, சாயங்காலத்தில். மதியத்தில் கிடையாது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் மாடியறையில் டப்பாவைத் திறந்ததும் போனை எடுத்துப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் அத்தனை பேருக்கு நடுவே சாப்பிடுகிறவள் நான். இந்த ஒரு வேளைதான் தனியாகச் சாப்பிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடுகிறது.